குழந்தை சொல்வதற்கு முன்பும் பின்பும்: வடசென்னையில் உதவி தேடும் வழி

நான் தண்டையார்பேட்டைப் பக்கம் மாலை நேர ட்யூஷன் நடத்துகிறவள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் அக்கா மகள் மாடிப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்கு நடந்த பாலியல் தொல்லையைப் பற்றிச் சொன்னாள். என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதமாட்டேன், அது அவளுடையது. அவளை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

அடுத்த ஒன்பது நாட்களில் அந்தப் பிள்ளை அதே சம்பவத்தை ஏழு பேரிடம் சொல்ல வேண்டி வந்தது. அவர்களில் மூன்று பேருக்குத்தான் அதைக் கேட்டறியும் வேலை இருந்தது. மற்ற நால்வர் முன்னால் அவளைக் கொண்டுபோய் நிறுத்தியது நாங்கள். எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாததால் கண்ணில் பட்ட கதவையெல்லாம் தட்டினோம். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஒன்றும் நடக்காத வீட்டினரும் முதல் இரண்டு படிகளையாவது படித்துவிடுங்கள்.

1. எண்களை இன்றே சுவரில் ஒட்டுங்கள்

1098 குழந்தைகளுக்கான உதவி எண். எந்த போனிலிருந்தும் கட்டணமில்லை, நள்ளிரவிலும் எடுப்பார்கள், குழந்தையே பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 112. பள்ளி தொடர்பான புகாருக்குப் பள்ளிக்கல்வித் துறையின் 14417. பெண்களுக்கான உதவி எண் 181. போனிலோ இணையத்திலோ நடந்த தொல்லைக்கு 1930. இலவச வழக்கறிஞருக்கு 15100. மனநல ஆலோசனைக்கு 14416, அதுவும் இலவசம்.

போனில் மட்டும் பதிந்து வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் போன் அக்காவோடு வேலைக்குப் போய்விடும். பகலில் வீட்டில் இருப்பது பிள்ளைகள்தான். பிள்ளையின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில், காலண்டர் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்.

2. நடக்கும் முன் கேட்க வேண்டியவை

பள்ளியில் தொடங்குங்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு இருக்க வேண்டும். ஜூனில் பள்ளி திறந்ததும் தலைமை ஆசிரியரைப் பார்த்து மூன்று கேள்விகள் கேளுங்கள். அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்? ‘மாணவர் மனசு’ புகார்ப் பெட்டி எங்கே இருக்கிறது, யார் திறக்கிறார்கள்? தற்காப்பு வகுப்பு இந்த ஆண்டு எப்போது? நேரில் கேட்கத் தயக்கமாக இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகக் கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் அந்தக் குழுவின் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். தனியார் பள்ளியென்றால் கடிதமாகக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். பயிற்சி கொடுக்க ஆளில்லை என்று பள்ளி சொன்னால், பிள்ளைகளைப் பாலியல் தொல்லையிலிருந்து காக்கும் வேலையை 2004 முதல் சென்னையில் செய்துவரும் ‘துளிர்’ அமைப்பைப் பற்றிச் சொல்லுங்கள்.

ட்யூஷன் விஷயத்தில் உங்களைத் தவிர வேறு காவல் இல்லை. என்னைப் போல வீட்டில் நடத்துகிறவர்களை எந்த அலுவலகமும் வந்து பார்ப்பதில்லை. ஆகவே முன்னறிவிப்பில்லாமல் போய்ப் பாருங்கள். கதவு திறந்திருக்கிறதா? ஒரு பிள்ளையை மட்டும் நிறுத்திவைத்துப் பாடம் நடக்கிறதா? ஆசிரியர் பிள்ளைக்குத் தனியாகப் பரிசோ ரீசார்ஜோ தருகிறாரா? கேட்டால் கோபப்படுகிற ஆசிரியரிடம் பிள்ளையை அனுப்ப வேண்டாம். பள்ளி வேனில் கடைசியாக இறங்கும் பிள்ளை யார், அந்தக் கடைசிப் பத்து நிமிடம் வேனில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பகுதியில் ஒரே அறையில் ஐந்து பேர், வெளியே பொதுக் கழிப்பறை, காசிமேட்டு ஏலத்துக்கு விடியுமுன்பே கிளம்பும் அம்மா என்றுதான் பல குடும்பங்கள் இருக்கின்றன. பிள்ளையைத் தனியாக விடாதே என்று அறிவுரை சொல்வது எளிது; நமக்கு அது நடக்காது. நடக்கக்கூடியது இது: அம்மா இல்லாத நேரத்தில் தட்டக்கூடிய மூன்று வீடுகளைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். நாம் தேர்ந்தெடுத்துக் கொடுக்கக் கூடாது. ஒரு வீட்டின் பேரைச் சொன்னதும் பிள்ளை பேசாமல் தலை குனிந்தால், அந்த வீட்டுக்கு இனி அனுப்பாதீர்கள். காரணத்தை அன்றே துருவ வேண்டாம். பொதுக் கழிப்பறைக்கு இருட்டிய பிறகு இரண்டு பிள்ளைகளாகப் போகட்டும்.

உடல் உறுப்புகளின் பெயர்களைச் சரியாகச் சொல்லிக் கொடுங்கள். பெயர் தெரியாத பிள்ளை ‘அங்கே’ என்று மட்டும் சொல்லும். பின்னால் அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் கேள்விமேல் கேள்வி வரும். ஆண் பிள்ளைகளுக்கும் இதையெல்லாம் சொல்லுங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது.

இன்னொரு சொல். குழந்தைகள்மீது தனக்கு எழும் எண்ணத்தைக் கண்டு தானே அஞ்சுகிறவர் யாராவது இதைப் படிக்கக்கூடும். தவறு நடப்பதற்கு முன்பே 14416-ஐ அழையுங்கள், அல்லது கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவுக்குப் போங்கள். அதுவரை குழந்தைகளோடு தனியாக இருக்காதீர்கள்.

3. பிள்ளை சொல்லும்போது

நிறுத்தாமல் கேளுங்கள். ‘ஏன் முன்னாலேயே சொல்லவில்லை?’ என்ற கேள்வி மட்டும் வாயில் வரவே கூடாது. நான் கேட்டேன். அவள் அன்று அதற்குமேல் பேசவில்லை.

‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று சத்தியம் செய்யாதீர்கள். தெரிந்தபின் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் இருப்பது போக்சோ சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி குற்றம்; ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. இது ஆசிரியர், மருத்துவர், ஆலோசகர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருக்கும் பொருந்தும். சொல்லாமல் இருந்ததற்காகப் பிள்ளைக்குத் தண்டனை கிடையாது. ‘உனக்கு உதவி செய்கிறவர்களிடம் மட்டும் சொல்வேன்’ என்று சொல்லுங்கள். அதைக் காப்பாற்ற முடியும்.

பிள்ளை தூங்கியதும் ஒரு நோட்டில் அவள் சொன்னதை அவள் சொற்களிலேயே எழுதுங்கள். தேதி, நேரம், எங்கே உட்கார்ந்து சொன்னாள், வேறு யார் இருந்தார்கள். ‘அந்த அங்கிள்’ என்று சொன்னால் ‘அந்த அங்கிள்’ என்றே எழுதுங்கள், பெயரைப் போட்டு நிரப்பாதீர்கள். பிறகு அத்தை கேட்டாலும் பாட்டி கேட்டாலும் விஷயத்தைச் சொல்ல வேண்டியது நீங்கள். பிள்ளையை எழுப்பி ‘சொல்லு’ என்று கேட்கக் கூடாது. போனில் வீடியோ எடுக்காதீர்கள். சம்பந்தப்பட்டவனின் வீட்டுக்குப் போய்ச் சண்டை போடாதீர்கள். எங்கள் வீட்டு ஆண்கள் அன்றிரவே போனார்கள். மறுநாள் காலை அவன் ஊரில் இல்லை, அவன் போனும் இல்லை.

4. நான்கு நாட்களுக்குள் என்றால் முதலில் ஆஸ்பத்திரி

உடல்ரீதியான வன்முறை நடந்து 96 மணி நேரத்துக்குள் இருந்தால் மருத்துவச் சான்றுகள் கிடைக்க வாய்ப்பு அதிகம். குளிப்பாட்டாதீர்கள். அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிக் கெட்டுவிடும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். இந்த இரண்டு கணக்குக்காகவே தாமதிக்காதீர்கள். நாட்கள் கடந்துவிட்டாலும் போங்கள், சிகிச்சைக்குக் கெடு இல்லை.

நம் பகுதிக்கு ஸ்டான்லி மருத்துவமனை, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை, சற்றுத் தள்ளி எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை இருக்கின்றன. செலவு இல்லை. தனியார் மருத்துவமனைகூட முதலுதவியையும் சிகிச்சையையும் இலவசமாகத் தந்தாக வேண்டும் என்பது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397-ஆம் பிரிவு.

நாங்கள் போன ஓர் ஆஸ்பத்திரியில், ‘முதலில் போலீஸ் மெமோ வாங்கி வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பினார்கள். அது தவறு. எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) இல்லை, கடிதம் இல்லை என்று சொல்லி அவசர சிகிச்சையை மறுக்க முடியாது. 2020-ஆம் ஆண்டுப் போக்சோ விதிகளின் 6-ஆம் விதியில் இருக்கிறது. மெதுவான குரலில் இந்த விதியைச் சொல்லி, பணியிலிருக்கும் மருத்துவ அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அங்கிருந்தே 1098-ஐயும் அழைக்கலாம். பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். அம்மாவோ, பிள்ளை நம்பும் வேறொருவரோ உடன் இருக்கலாம். விரல் பரிசோதனை என்ற பழைய முறைக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்திருக்கிறது. யாராவது பேச்செடுத்தால் மறுத்துவிடுங்கள்.

5. காவல் நிலையம்

மனுவை நீங்களே, தமிழில், ஒரே பக்கத்தில் எழுதுங்கள். நிலைய வாசலில் மனு எழுதித் தருகிறவருக்கு 300 ரூபாய் கொடுத்தோம். அவர் தன் சொற்களில், நடக்காததையும் சேர்த்து எழுதிவிட்டார். பிள்ளை சொன்னதற்கும் அந்தக் காகிதத்துக்கும் இருந்த இடைவெளி பின்னால் எங்களைப் பல முறை தடுமாற வைத்தது. அந்த இரவு நோட்டில் எழுதியதைப் பார்த்து எழுதினால் போதும். இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையை அழைத்துப் போகாதீர்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். பிள்ளையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடியவரை சப் இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து பதிவு செய்ய வேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் 24-ஆம் பிரிவு. இரவில் எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை நிலையத்தில் வைத்திருக்க முடியாது. இது தெரியாமல் நாங்கள் அவளைப் பகல் பதினொன்று முதல் இரவு எட்டு வரை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தோம். வந்து போன எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போவது நல்லது, ஆனால் எந்த நிலையமும் புகாரை வாங்கியாக வேண்டும். ‘இது எங்கள் எல்லை இல்லை’ என்பது நம் பகுதியில் அடிக்கடி கேட்கும் பதில். மணலி, எண்ணூர்ப் பக்கம் வருவாய்த் துறைக்குச் சென்னை மாவட்டம். காவல்துறைக்கு 2022 முதல் ஆவடி ஆணையரகம். குடியிருப்பது ஓர் எல்லையில், சம்பவம் நடந்தது இன்னோர் எல்லையில் என்று ஆகிவிடும். அப்போது ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ போடச் சொல்லுங்கள். பதிந்துவிட்டு உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டியது அவர்கள் பொறுப்பு.

பெரிய பொறி ஒன்று இருக்கிறது. புகாரை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது தந்து அனுப்புவார்கள். எண்ணும் முத்திரையும் இருப்பதால் வழக்குப் பதிவாகிவிட்டது என்று நினைப்போம். நாங்கள் ஐந்து நாட்கள் அப்படித்தான் நினைத்தோம். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்தது என்பதற்கான ரசீது மட்டும். போக்சோ பிரிவு குறிப்பிட்ட எஃப்.ஐ.ஆர். நகலைக் கேளுங்கள், புகார் கொடுத்தவருக்கு அது இலவசம். பதிய மறுத்தால் மனுவைத் துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். புகாரைப் பதியாத அதிகாரிக்கும் அதே 21-ஆம் பிரிவில் தண்டனை உண்டு.

படமோ வீடியோவோ இருந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள், வழக்கறிஞருக்குக்கூட. அழிக்கவும் வேண்டாம். போனை அப்படியே விசாரணை அதிகாரியிடம் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். அத்தகைய படங்களைப் பகிர்வதும் அந்த நோக்கத்தோடு வைத்திருப்பதும் குற்றம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

6. ஒரு கோப்பு

முதல் நாளே ஒரு கோப்பு வாங்குங்கள். வயதுச் சான்றுதான் முதலில் வேண்டும். பிள்ளை 18 வயதுக்குட்பட்டவர் என்பதில்தான் வழக்கே நிற்கிறது. பள்ளிச் சான்றிதழ் அல்லது மாநகராட்சியின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். ஆதார் மட்டும் போதாது. சென்னையில் பிறந்த பிள்ளையின் சான்றிதழை மாநகராட்சி இணையதளத்திலிருந்து கட்டணமின்றி எடுக்கலாம். பள்ளியில் கேட்கும்போது காரணம் சொல்ல வேண்டியதில்லை, ‘வங்கிக் கணக்குக்கு’ என்றால் போதும். அதுவும் உண்மையே, ஏனென்றால் நிவாரணத் தொகைக்காகப் பிள்ளை பெயரில் கணக்கு தொடங்க வேண்டியிருக்கும்.

எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரிச் சீட்டுகள், மனு நகல், தபால் ரசீதுகள், ஆட்டோ செலவு எழுதிய தாள் எல்லாம் இதில் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மூன்று ஜெராக்ஸ். அசலை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

7. குழந்தைகள் நலக் குழுவும் பணமும்

பிள்ளையின் பாதுகாப்பைப் பற்றித் தீர்மானிக்கும் அரசுக் குழுதான் குழந்தைகள் நலக் குழு. புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் அதற்குத் தகவல் தர வேண்டும். தந்தார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் 1098 வழியாக நீங்களே குழுவை அணுகலாம். தொல்லை கொடுத்தவன் அதே வீட்டில் இருக்கிறான் என்றால் இது தலையாயது. பிள்ளை அந்த வீட்டில் இருக்கலாமா என்பதைக் குழு மூன்று நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.

குழுவிடம் இரண்டு கேளுங்கள். முதலாவது, ஆதரவு நபர். விசாரணை முதல் தீர்ப்பு வரை பிள்ளையோடு வருகிற ஒருவரைக் குழு நியமிக்கும், கட்டணம் கிடையாது. எங்களுக்கு இப்படி ஒருவர் உண்டு என்பதே மூன்றாவது வாரத்தில்தான் தெரிந்தது. அவர் வந்த நாள் முதல் என் அக்கா சரியாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.

இரண்டாவது, உடனடி நிவாரணம். உணவு, உடை, போக்குவரத்துச் செலவுக்குக் குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்துக்குள் தொகை தர வேண்டும் என்கிறது போக்சோ விதிகளின் 8-ஆம் விதி. முதல் மாதத்தில் ஆட்டோவுக்கும் ஜெராக்ஸுக்கும் எங்களுக்கு நாலாயிரம் ரூபாய்க்கு மேல் ஆனது. அக்கா இழந்த தினக்கூலி தனி. இது தவிர, இடைக்கால இழப்பீட்டுக்குச் சிறப்பு நீதிமன்றத்தில் மனு போடலாம். எஃப்.ஐ.ஆர். போட்டபின் எந்தக் கட்டத்திலும் கேட்கலாம். தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டாம். உத்தரவு வந்தால் 30 நாட்களுக்குள் பணம் வர வேண்டும்.

வழக்கறிஞருக்குச் செலவு செய்யாதீர்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே கிடையாது. இது தெரியாமல் வருமானச் சான்றிதழுக்காக இரண்டு நாள் வேலையை விட்டு அலைந்தோம்.

8. விசாரணை, நீதிமன்றம், காலம்

முக்கியமான போக்சோ பிரிவுகளில் புலனாய்வு இரண்டு மாதத்துக்குள் முடிய வேண்டும். பிள்ளையின் சாட்சியம் வழக்கை நீதிமன்றம் ஏற்ற 30 நாட்களுக்குள்ளும், விசாரணை கூடியவரை ஓராண்டுக்குள்ளும் முடிய வேண்டும். சட்டத்தில் உள்ளது அது. நடைமுறையில் தள்ளிப்போகும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு வாய்தாத் தேதியையும் ஆதரவு நபரிடம் முந்தின நாளே உறுதி செய்துகொண்டு கிளம்பினால் வீண் விடுப்பு குறையும்.

சென்னையின் போக்சோ சிறப்பு நீதிமன்றம் உயர் நீதிமன்ற வளாகத்தில் இயங்குகிறது. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை மெட்ரோ நிலையங்களிலிருந்து ஒரே ரயிலில் உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கலாம். குற்றம் சாட்டப்பட்டவனைப் பார்க்கும்படி பிள்ளையை நிற்க வைக்க முடியாது. கதவு மூடிய விசாரணை. இடையிடையே ஓய்வு கேட்கலாம். வளாகத்து வராந்தாவில் எதிரே வந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் எங்கள் பயமாக இருந்தது. ஆதரவு நபரிடம் சொன்னோம், வேறு வழியாக அழைத்துப் போனார்.

9. சமாதானம் பேச வருகிறவர்கள்

வருவார்கள். சங்கத் தலைவர், தூரத்து மாமா, ‘பெண் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா’ என்று கேட்கும் மூத்தவர். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள், விஷயத்தைப் பேசாதீர்கள். இது சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம் இல்லை, வெள்ளைத் தாளில் எழுதி வாங்குவது எதுவும் வழக்கை முடிக்காது. மிரட்டல் வந்தால் தேதியோடு நோட்டில் எழுதி, விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் பிள்ளையின் பெயர், படம், பள்ளி எதுவும் வரக்கூடாது. அனுதாபத்தோடு போட்டாலும் கூடாது.

10. பிள்ளையின் மனம்

இதற்கு வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இலவசம். முதல் இரண்டு சந்திப்பில் பிள்ளை பேசாமல் இருக்கலாம். எங்கள் பிள்ளை நான்கு முறை படம் மட்டும் வரைந்துவிட்டு வந்தாள். ‘என்ன கேட்டார்கள், என்ன சொன்னாய்?’ என்று வீட்டில் விசாரிக்காதீர்கள். அம்மாவுக்கும் தனியாக ஒரு சந்திப்பு கேளுங்கள்.

11. வீடு மாறினால்

நம் பகுதியில் இதைச் சொல்லாமல் விட முடியாது. வழக்கு நடக்கும்போதே குடியிருப்பை இடித்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்புகிறார்கள், வாடகை ஏறி மாதவரத்துக்குப் போகிறோம், போன் எண் மாறுகிறது. சம்மன் பழைய வீட்டுக்கதவில் ஒட்டப்பட்டு, யாரும் பார்க்காமலே தேதி கடந்துவிடும். புது முகவரியையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதி, எஃப்.ஐ.ஆர். எண்ணைக் குறிப்பிட்டு, காவல் நிலையத்துக்கும் அரசு வழக்கறிஞருக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் தனித்தனியாகக் கொடுத்து, மூன்றிலும் முத்திரை வாங்கிக் கோப்பில் வையுங்கள். பிள்ளையைப் பள்ளி மாற்றினால் மாற்றுச் சான்றிதழின் நகலையும் கூடவே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.